டப்ளினுக்கு மூன்றாம் ரிமைண்டர்

அரசாங்க ஆவணப் பிரிவில் வேலை பார்ப்பவனிடம் உலகம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கழிவறை எந்தப் பக்கம்?

நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், ஒருவரும் கேட்காத புத்தகங்களைப் பக்குவமாக அடுக்கிவைத்துச் சம்பளம் வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வாருங்கள். நீங்களும் நானும் ஒரு கோஷ்டி. ரொறன்ரோவுக்கு எண்பத்து நாலில் வந்து, இரண்டு வருடம் கோப்பை கழுவி, எண்பத்தாறில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இந்த வேலைக்குள் விழுந்தவன் நான். அங்கே நடந்தவற்றில் சிலதைச் சொல்கிறேன். என்னோடு பேசியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். எனக்கு அது எங்கள் ஊர்த் தமிழில் கேட்டதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

நேர்முகம்

பிரிவுத் தலைவி மிஸ் ஹார்ட்லி என்னைக் கேள்வி கேட்பதற்கு முன் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே கூரை தொடுமளவுக்குக் கடதாசிப் பெட்டிகள். எல்லாம் டப்ளினில் இருந்து வந்தவை. அயர்லாந்துப் பாராளுமன்றத்தில் நடந்த விவாதங்கள், வாரம் வாரம் மெல்லிய புத்தகங்களாக அச்சாகி, கப்பலேறி வந்து, பிரிக்கப்படாமலே கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்த வேண்டும், வரவு அட்டையில் இலக்கம் பதிய வேண்டும், ஒரு தொகுதி நிறைந்ததும் பைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். பெட்டிகள் முடியும்வரை, அதாவது ஒரு வருடத்துக்கு, வேலை.

அனுபவம் உண்டா என்று கேட்டார். ஊரில் பத்து வருடம் கச்சேரியில் கிளார்க் என்றேன். (இந்தியத் தமிழர்கள் மிருதங்கத்தைத் தேட வேண்டாம். எங்கள் நாட்டில் கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் அலுவலகம், உங்கள் கலெக்டர் ஆபீஸ் மாதிரி.) பத்து வருடமும் என்ன வாசித்தீர்கள் என்றார். வயல் வரப்புத் தகராறு மனுக்கள், மொத்தம் இரண்டு அலுமாரி என்றேன். மிஸ் ஹார்ட்லி பெப்பர்மின்ட் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"அப்படியென்றால் பட்ஜெட் விவாதம் உங்களுக்கு நாவல் மாதிரி இருக்கும்."

அறைக்காரரின் சந்தேகம்

நான் பார்லிமென்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் ராசநாதன் அண்ணையோடு அறையைப் பகிர்ந்திருந்தேன். அண்ணை ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. கனடாவைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது, அல்லது அப்படி நினைத்திருந்தார்.

என் மனைவியும் மகளும் சாவகச்சேரியில் இருந்தார்கள். நான் புறப்படும்போது மகளுக்கு மூன்று வயது. அவர்களைக் கூப்பிடும் அலுவல் பார்த்த லோயர், நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் கையில் இருந்தால் கோப்பு சுணங்காது, ஒரு வருட வேலையை வைத்துக்கொண்டு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒற்றைக் கடிதம்தான் நினைப்பு. அதற்காக டப்ளின் பெட்டிகளை மாடு மாதிரி உழைத்துப் பிரித்தேன். வேகமாகப் பிரித்தால் வேலை சீக்கிரம் முடிந்துபோகும் என்ற விஷயம் எனக்கு மூன்றாம் மாதம்தான் உறைத்தது.

இதை அண்ணையிடம் சொன்னபோது அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊரிலை எங்கடை பார்லிமென்டையே ஒருநாளும் நம்பாதனீ, இஞ்சை வந்து ஆரின்ரையோ பார்லிமென்டுக்கு அட்டை போடுறாய் என்ன?"

சனிக்கிழமைக்காரர்

கழிவறை கேட்காத முதல் மனிதர் கோனர். அயர்லாந்துக்காரர், கூரை வேய்பவர், ஐம்பது வயது இருக்கும். தார் மணக்கும் பூட்ஸோடு ஒரு சனிக்கிழமை இறங்கி வந்து, எங்கள் மாவட்டத்து உறுப்பினர் இந்த வருடம் வாயைத் திறந்தாரா என்று பார்க்க வேண்டும் என்றார். நான் ஒரு அடுக்கைக் கொண்டுவந்து வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் வந்தார். விரலை வரிக்குக் கீழே ஓட்டி ஓட்டி வாசிப்பார். நடுவில் சபைக்குச் சொல்வதுபோல 'சும்மா விடு' என்பார்.

அவர் போனபின் நானும் வாசிக்கத் தொடங்கினேன். வேலையில்லாத் திண்டாட்டம், வரி, வெளிநாட்டுக் கடன், மூடப்படும் தொழிற்சாலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளேன் ஏறிப் போய்விடும் இளம் ஆட்கள். போனவர்களை எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்று பக்கம் பக்கமாகச் சண்டை பிடித்திருந்தார்கள். எனக்கு உண்மையில் பொறாமையாக இருந்தது. நான் புறப்பட்டதற்காக எந்தச் சபையிலும் எவரும் எழுந்து நின்று கத்தவில்லை.

கோனரிடம் இதைச் சொன்னேன். உங்களை நினைத்துப் பேசுகிறார்களே, அது ஒரு கொடுப்பினைதானே என்றேன். அவர் புத்தகத்தை மூடி, அதன் மேல் கையை வைத்தார்.

"பேச்சு முழுக்க வேலையில்லாத ஆக்களைப் பற்றி அங்கை நடக்குது. அந்த ஆக்கள் முழுக்க இஞ்சை டான்ஃபோர்த்திலை கூரை வேயினம்."

சின்னக் கால்

மோரின் என்ற அயர்லாந்து நர்ஸ் ஒருநாள் வந்து 'சப்பாத்து விவாதம்' வேண்டும் என்றார். பழைய பெட்டியில் தேடி எடுத்தேன். எண்பத்திரண்டில் அயர்லாந்தில் பிள்ளைகளின் சப்பாத்துக்கும் வரி போடப் பார்த்து, பட்ஜெட் தோற்று, அரசாங்கமே கவிழ்ந்திருக்கிறது. பிள்ளைகளின் சப்பாத்துக்கு வரி இல்லாவிட்டால் சின்னக் கால் உள்ள பெண்கள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு தப்பிவிடுவார்கள் என்று ஒரு நியாயமும் சொல்லப்பட்டதாம். மோரின் மேசைக்கடியில் இருந்து தன் காலை எடுத்துக் காட்டினார். பத்து வயதுப் பிள்ளையின் கால். இந்தக் காலுக்காகத்தான் அவர்கள் விழுந்தார்கள், அச்சில் பார்க்க வந்தேன் என்றார்.

எனக்கும் ஒரு கால் இருந்தது, மேசை லாச்சிக்குள். பனிக்கால பூட்ஸ் வாங்கிவைப்பதற்காக, மகளின் பாதத்தைக் கொப்பித் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி மனைவி அனுப்பியிருந்தாள். வேலை அலுக்கும்போது எடுத்துப் பார்ப்பேன். ஏனோ அன்றைக்கு அதை மோரினிடம் காட்டினேன். எப்போது வருகிறார்கள் என்று கேட்டார். கோப்பு நடக்கிறது என்றேன். அவர் தாளைத் தன் உள்ளங்கையில் விரித்து நிதானமாகப் பார்த்தார்.

"ரெண்டு சைஸ் பெரிசா வாங்கிவையும். ஒரு அரசாங்கத்தின்ரை கோப்பும் பிள்ளையின்ரை கால் வளருற வேகத்துக்கு நகராது."

ஏழு கோடு

எண்பத்தேழு வசந்தத்தில் மேல்மாடியில் இருந்து உத்தரவு வந்தது. வாசகர் இல்லாத தொடர்களை நிறுத்தப்போகிறார்கள். பட்டியலில் முதல் இடம் டப்ளினுக்கு. அது போனால் என் கதிரையும் போகும். மிஸ் ஹார்ட்லி ஒரு தாளைக் கதவருகே ஒட்டி, ஒரு வாசகர் வந்தால் ஒரு கோடு போடச் சொன்னார். பொய்க் கோடு போட எனக்குக் கை வராது, கச்சேரியில் அந்தப் பழக்கம் இல்லை என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம்.

கோனரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த சனி அவர் ஆறு கூரைக்காரர்களோடு வந்து இறங்கினார். அரை மணி நேரம் ஒழுங்காக வாசித்தார்கள். பிறகு யாரோ வரியைப் பற்றி ஒன்று சொல்ல, மேசையின் இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. ஒருவர் எழுந்து நின்று, தலைவர் அவர்களே என்று என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டும் ஒருவரும் அமரவில்லை. படியில் மிஸ் ஹார்ட்லியின் காலடி கேட்டது. என் அலுவல் முடிந்தது என்று நினைத்தேன். அவர் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

"ஏழு பேர். ஏழு கோடு போட்டீர்களா?"

பிரதி: சபாநாயகர்

ஏழு கோடு பட்டியலைக் கொஞ்சம் தள்ளிவைத்தது, அழிக்கவில்லை. என் வருடம் முடிய மூன்று மாதம்கூட இல்லை. ஒரு தொகுதியில் கடைசி இதழ் வந்து சேரவில்லை என்பதை அப்போது கண்டேன். அதுதான் பெயர் அட்டவணை. அது இல்லாமல் கோனர் தன் ஊர்ப் பெயரைத் தேடி ஆயிரம் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். குறைக் கோப்பை அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறவன் ஒரு கிளார்க்கா? டப்ளினுக்கு எழுதினேன்.

எங்கள் கச்சேரி முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் கடிதம். பதில் இல்லையென்றால் இரண்டு கிழமையில் முதல் ரிமைண்டர், 'எனது இன்ன திகதிய கடிதம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்தை ஈர்க்கிறேன்'. பிறகு இரண்டாவது. மூன்றாம் ரிமைண்டரில் அடியில் ஒரு வரி சேரும்: பிரதி, மேலதிகாரிக்கு. ஊரில் அந்த ஒரு வரிக்கு அசையாத கோப்பு கிடையாது. கை பழக்கத்தில் அதையே தட்டச்சில் அடித்தேன். மேலதிகாரி யார் என்று யோசித்தேன். பாராளுமன்றத்துக்கு மேலதிகாரி சபாநாயகர்தானே? அவருக்கும் ஒரு உறை ஒட்டி, நூலகத்தின் பெயரில் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று கிழமை கழித்து மிஸ் ஹார்ட்லி என்னைக் கூப்பிட்டார். மேசையில் இலச்சினை போட்ட தடித்த உறை ஒன்று. பெப்பர்மின்ட் டப்பா மூடியிருந்தது.

"எங்கள் பெயரில் ஒரு நாட்டின் சபாநாயகருக்கு ரிமைண்டர் அனுப்பியது நீங்களா?"

டப்ளினில் இருந்து

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது. மனைவிக்கு என்ன எழுதுவது என்று மனம் வசனம் தேடத் தொடங்கிவிட்டது. மிஸ் ஹார்ட்லி உறையைத் திறந்து கடிதத்தை உரத்து வாசித்தார்.

எழுதியிருந்தவர் சபாநாயகர் இல்லை. என் பிரதி படிப்படியாகக் கீழே இறங்கி, அட்டவணை தயாரிக்கும் மனிதரின் மேசையில் போய் நின்றிருக்கிறது. ஒன்றும் காணாமல் போகவில்லை, தொகுதி முடிந்தபின்தான் அட்டவணையைத் தொடங்கவே முடியும், இன்னும் பாதி எழுத்துக்கள் இருக்கின்றன என்று அவர் பணிவாக விளக்கியிருந்தார். எனக்குக் காது சுட்டது. இல்லாத ஒன்றுக்கு மூன்று ரிமைண்டர் அனுப்பிய கிளார்க் உலகத்தில் நான் ஒருவன்தான். ஆனால் கடிதம் அதோடு முடியவில்லை. இருபது வருடமாக அட்டவணை செய்கிறேன், அதற்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன் என்று எழுதியிருந்தார். இனிமேல் எங்கள் நூலகத்துக்கு எல்லா இதழ்களும் அன்பளிப்பாக வரும், மேலிடத்தில் சொல்லி ஒழுங்கு செய்துவிட்டேன், கடிதம் எழுதிய கிளார்க்கே அவற்றைப் பெற்றுப் பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான விருப்பம் என்றும் இருந்தது.

மிஸ் ஹார்ட்லி கடிதத்தை மடித்தார். அன்பளிப்பாக வருவதை நிறுத்த முடியாது, வருவதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், ஆளின் பெயரை டப்ளினே சொல்லிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனார். ஒரு கிழமையில் நிரந்தர வேலைக் கடிதம் என் கைக்கு வந்தது. மிஸ் ஹார்ட்லி அதில் கையெழுத்தைப் போட்டு நீட்டிவிட்டு, பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தார்.

"இனி எந்த நாட்டுக்கு எழுதினாலும், பிரதி எனக்கும்."

பூட்ஸ்

எண்பத்தெட்டு நவம்பரில் அவர்கள் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு ராசநாதன் அண்ணையும் வந்தார், வழி தனக்குத்தான் தெரியும் என்று. மனைவி மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை, என் தலைமயிர் எங்கே போனது என்று கேட்டாள். நான்தான் அழுதேன். மகளுக்கு ஏழு வயது. தாயின் பின்னால் நின்றுகொண்டு, இதில் எது அப்பா என்று என்னையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மோரின் சொன்னபடி இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, ஒரு வருடத்துக்கு மேல் கட்டிலுக்கடியில் வைத்துத் துடைத்த சிவப்பு பூட்ஸைப் பையில் இருந்து எடுத்தேன். நிலத்தில் முழங்காலிட்டு ஒரு காலைப் பிடித்து நுழைத்தேன். பாதி போயிற்று. தள்ளினேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். என்னோடு அவள் பேசிய முதல் வசனம் அதுதான்.

"அப்பா, உது சின்னன். வேறை வாங்குங்கோ."

அடுத்த நாட்டின் சண்டைகளை அத்தனை ஒழுங்காக அட்டை போட்டு வைத்ததற்குக் கடைசியில் எனக்குக் கிடைத்தது, என் சொந்த வீட்டில் இரண்டு பேர் கொண்ட உறுதியான எதிர்க்கட்சி.