ரெஜினா திருத்திய அறிக்கை

ரெஜினா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது அல்சூர் ஏரி ஓரமாக நெரிசலில் நின்ற ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். பேசியது அவருடைய தங்கை ஸ்டெல்லா. "காபி போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்தாங்க சார். அப்படியே சாஞ்சுட்டாங்க" என்றார். அன்று காலை பதினோரு மணிக்கு நானும் ரெஜினாவும் ஒரு கிரிக்கெட் மட்டையில் இருந்த கையெழுத்தைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியிருந்தது. இனி அதை யார் பார்ப்பது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மூன்று வாரம் ஆகியும் அந்த எண்ணம் என்னைக் குத்துகிறது.

உங்களில் பலருக்கு அவரைக் காக்ஸ் டவுன் தேவாலயத்தின் பாடகர் குழுவில் தெரிந்திருக்கும். கோலார் தங்கவயலில் பிறந்தவர். வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்த்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு பெற்று எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வந்தார். பிரபலங்களின் கையெழுத்து என்று மக்கள் கொண்டுவரும் புகைப்படங்களையும் மட்டைகளையும் ஆராய்ந்து, அசலா போலியா என்று அறிக்கை தருவது எங்கள் வேலை. எட்டு வருடம் ஒரே மேசையின் இரு பக்கங்களில் உட்கார்ந்திருந்தோம்.

"தன் கையெழுத்தைப் போடுறவன் யோசிக்க மாட்டான் முரளி. சர்ருனு போயிடும், முடியுற இடத்துல கோடு மெலிஞ்சிரும். பார்த்து எழுதுறவன் பயந்து பயந்து எழுதுவான். கோடு நடுங்கும்" என்பார். அவருடைய கண்ணை நான் சந்தேகித்ததே இல்லை. ஒருமுறை, தான் கொண்டுவந்த நடிகரின் கையெழுத்து போலி என்றதும் ஒரு தொழிலதிபர், "நான் பக்கத்துலயே நின்னு வாங்கினேன் மேடம்" என்று சத்தம் போட்டார். "நீங்க பக்கத்துல நின்னது உண்மையா இருக்கலாம் சார். உள்ள எடுத்துட்டுப் போய்ப் போட்டது அவரோட செக்ரட்டரி" என்றார் ரெஜினா. அந்த மனிதர், "ஆமா, கேரவனுக்குள்ளதான் எடுத்துட்டுப் போனாங்க" என்று ஒப்புக்கொண்டார்.

குமரேசன் வந்தது நான்கு வருடங்களுக்கு முன்பு. மர்பி டவுனில் வீடு, பீன்யா தொழிற்பேட்டையில் லேத் வேலை. ஒரு பழைய நடிகரின் புகைப்படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவருடைய அப்பா கன்னியப்பன் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். படப்பிடிப்புக்கு அங்கே வந்த நடிகர் தன் தோளில் கை போட்டுப் பேசி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். சொந்தக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். "அப்பா படுக்கையில இருக்காரு மேடம். ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்கன்னா எல்லாரு வாயையும் அடைச்சிருவேன்" என்றார் குமரேசன்.

ரெஜினா இரண்டு நாள் பார்த்தார். கோடு நடுங்கியது. மூன்று இடங்களில் பேனா நின்று நின்று கிளம்பியிருந்தது. எங்களிடம் இருந்த எந்த மாதிரிக் கையெழுத்தோடும் ஒத்துப்போகவில்லை. 'அசல் அல்ல' என்று அறிக்கை போனது. குமரேசன் அதை வாங்கிப் படித்துவிட்டுப் படியிறங்கினார்.

போன வருடம் வேறொரு குடும்பத்திலிருந்து அதே நடிகரின் படங்கள் வந்தன. அவற்றில் ஒன்றைப் பார்த்ததும் ரெஜினா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நடிகரின் வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் யாருக்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பின்னால் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம். அந்த நாளில் கையெழுத்திட்ட இன்னொரு படமும் அவற்றோடு இருந்தது. அதே நடுக்கம், அதே மூன்று இடங்களில் நிறுத்தம். கோப்பிலிருந்து குமரேசனின் படத்தின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். லென்ஸே தேவைப்படவில்லை.

அதன் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். டீயை ஆறவிட்டுக் கீழே கொட்டினார். மேலாளர், "பழசையெல்லாம் கிளறாதீங்க மேடம், ஆபீஸ் பேரு கெட்டுரும்" என்றார். "கெடட்டும்" என்றார் ரெஜினா. குமரேசன் கொடுத்த கைபேசி எண் வேலை செய்யவில்லை. நான்கு சனிக்கிழமைகள் பீன்யாவில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். என்னையும் கூப்பிட்டார். நான் முட்டிவலி என்றேன்.

ஐந்தாவது சனிக்கிழமை ஆளைப் பிடித்துவிட்டார். நடந்ததைத் திங்கட்கிழமை என்னிடம் சொன்னார்.

"கன்னியப்பன் போய் ரெண்டு வருஷம் ஆச்சாம். நம்ம ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போய், 'ஏன்ப்பா இத்தனை வருஷமா பொய் சொன்னே'ன்னு பையன் கேட்டிருக்கான். அவரு, 'கையில கட்டு இருந்துச்சுடா, இடது கையாலதான் போட்டாரு'ன்னு சொல்லியிருக்காரு முரளி. சமாளிக்கிறாருன்னு இவன் நினைச்சுட்டான். அப்புறம் அவரு அந்தப் பேச்சையே எடுக்கலையாம்."

"நமக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கோட்டைப் பார்த்தேன். கையெழுத்து வாங்கின மனுஷன் உயிரோட இருந்தாரு, அவரைக் கேக்கல."

புதிய அறிக்கை ஆங்கிலத்தில் போனால் தன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று குமரேசன் சொல்லியிருக்கிறார். ரெஜினா அலுவலகத் தாளில் தன் கையாலேயே தமிழில் எழுதினார். எங்கள் அறிக்கைகளில் இருக்கும் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை. 'கன்னியப்பன் சொன்னது உண்மை. தவறு என்னுடையது.' கீழே பெயர், தேதி. அதை நேரில் கொண்டுபோய், அந்த அம்மாளுக்கு முன்னால் நின்று படித்துக் காட்டிவிட்டு வந்தார். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்டேன். "இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னாங்க" என்றார்.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் குமரேசன் நின்றிருந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், சட்டையில் எண்ணெய்க் கறை. நானாகப் போய், "அந்த முதல் ரிப்போர்ட்ல நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்" என்றேன். படத்தைச் சரியாகப் பார்க்காமலே, ரெஜினா போட்டுவிட்டாரே என்று அவருடைய கையெழுத்துக்குக் கீழே போட்டது. இதை நான் ரெஜினாவிடம்கூடச் சொன்னதில்லை.

"தெரியும் சார்" என்றார் குமரேசன். "ரெண்டு பேரு பேரும் இருந்துச்சு. அவங்க ஒருத்தங்கதான் வந்தாங்க."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரெஜினாவின் மேசை இழுப்பறையில் ஒரு தாள் கிடைத்தது. நடுக்கத்தை மட்டும் வைத்துப் போலி என்று நாங்கள் ஒதுக்கிய ஆறு கையெழுத்துகள், கொண்டுவந்தவர்களின் பெயர், முகவரி. முதல் இரண்டுக்கு நேரே 'கேட்டாயிற்று' என்று எழுதியிருக்கிறார். மிச்சம் நான்கு. ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தாள் ஒன்றுதான். நேற்று மூன்றாவது முகவரிக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் யார், என்ன விஷயம் என்று கேட்டார். ஒரு தவறு நடந்திருக்கலாம், கேட்டுவிட்டுப் போக வந்தேன் என்றேன். சாயங்காலம்தான் வருவார்கள் என்றார். படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன்.