பால் பவுடர் டப்பாவின் ஓட்டை

எங்கள் காரில் அந்த எண்ணெய் டப்பாவை மறுபடியும் மாட்டலாமா, வேண்டாமா? கணவர் கேட்டுப் பத்து நாள் ஆகிறது. உதிரி பாகங்கள் வந்து பொங்கல் கழிந்ததும் இஞ்சினைத் திரும்பப் பூட்டுவார்கள். அதற்குள் நான் சொல்ல வேண்டுமாம். எனக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனிக்காரர்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வர கார் வாங்கினார்கள். என் கணவர் வேகத்துக்காக வாங்கினார். சோழவரத்தில் பந்தயம் ஓட்டிய ஒருவர் கைமாற்றிய சின்ன கார் அது. பெரிய கார்புரேட்டர், தடித்த சைலன்சர். அது தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் பையன் தொட்டிலில் விழித்துக்கொள்வான்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் பம்மலில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக். வேகமாக ஓட்டினால் இஞ்சினுக்குள்ளிருந்து எண்ணெய்ப் புகை ஒரு குழாய் வழியே வந்து கார்புரேட்டரில் படிந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு டப்பா வைத்தால் எண்ணெய் அதில் தங்கிவிடும், புகை மட்டும் வெளியே போகும் என்றார். கடையில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. என்னிடம் காலி பால் பவுடர் டப்பா ஒன்று கேட்டு வாங்கினார். அடியில் ஒரு குழாயைப் பற்றவைத்து, உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மூடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார்.

"இதான்கா இஞ்சினு மூச்சு வுடுற எடம்," என்று எனக்கும் காட்டினார். நான் தலையாட்டினேன். இடுப்பில் பையன் அழுதுகொண்டிருந்தான். பாதிதான் காதில் விழுந்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். முழுவதும் கேட்டேன்.

டப்பா மாட்டியபின் வண்டி நன்றாக ஓடியது. ஆனால் உள்ளே எண்ணெய் வாடை வந்தது. பையன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். குழந்தையின் நெஞ்சுக்குள் அந்தப் புகை போகுமோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. கணவரிடம் சொன்னேன். எல்லா காரிலும் வாடை இருக்கும், ஜன்னலை இறக்கிக்கொள் என்றார்.

மகாபலிபுரம் போகலாம் என்று முடிவான ஞாயிறு காலை அவர் குளிக்கப் போயிருந்தார். நான் பானெட்டைத் தூக்கினேன். எங்கள் வீட்டுப் பால் டப்பா அங்கே கருத்துப்போய் உட்கார்ந்திருந்தது. மூடியில் ஓட்டை. எறும்பு புகாமல் எத்தனை டப்பாக்களை மூடிய கை இது. பழைய வேட்டித் துணியைச் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். மேலே பிளாஸ்டிக் காகிதம், அதன்மேல் இரண்டு ரப்பர் பேண்ட். ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுவதுபோல இறுக்கமாகக் கட்டினேன்.

நான் பி.எஸ்சி. பௌதிகம் படித்தவள். அன்று காலையில்தான் குக்கரின் ஆவி போகும் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்திருந்தேன்.

வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் போகும் சாலையில் கணவர் வேகம் பிடித்தார். வாடை இல்லை. பையன் சிரித்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சற்று நேரத்தில் டாஷ்போர்டில் எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த ஊர் வரட்டும் என்று அவர் ஓட்டினார். ஒரு கடகட சத்தம், பிறகு வண்டி நின்றுவிட்டது. பானெட்டுக்குள் எல்லா இடத்திலும் எண்ணெய். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி தானாகவே வெளியே தள்ளப்பட்டு ஓரத்தில் கிடந்தது.

அவர் போன் பூத்தைத் தேடி நடந்தார். அவர் சாலை வளைவில் மறைந்ததும் நான் இறங்கினேன். ரப்பர் பேண்டை அறுத்தேன். காகிதத்தையும் துணியையும் பிடுங்கி, பையனின் ஈரத் துணிகள் இருந்த பைக்குள் அடியில் வைத்தேன். கையைப் புல்லில் துடைத்தேன். இதைச் செய்ய எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

மறுநாள் பம்மலுக்கு வண்டியை இழுத்துப் போனார்கள். கணவரோடு நானும் போனேன். வீட்டில் இருந்தால் அங்கே என்ன பேசுவார்களோ என்ற பயம். மெக்கானிக் வெகுநேரம் குனிந்து பார்த்தார். ஓட்டையின் விளிம்பிலிருந்து ஒரு நூலை எடுத்து விரலில் உருட்டினார்.

"டப்பா இன்னா சார் பண்ணும்? மூச்ச அடைச்சாதான் ஆயிலு இப்டி பொங்கி வரும். யார்னா இத்த மூடனீங்களா?"

"எங்க வீட்ல பானெட்டை யாருய்யா தொடப்போறா? பால் டப்பாவைக் கொண்டுபோய் இஞ்சின்ல மாட்டினது நீதானே?" என்றார் கணவர்.

மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லுக்கா."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றேன்.

அவர் அந்த நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டார் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்காத நாட்கள் உண்டு.

கணவர் வண்டியைப் பல்லாவரத்தில் வேறோர் இடத்தில் விட்டார். காலனியில் எல்லோரிடமும் கதையைச் சொன்னார். பம்மல்காரருக்குப் பால் டப்பா மெக்கானிக் என்று பேர் வைத்தார்கள். அவரிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்த எதிர் வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் இப்போது அங்கே போவதில்லை. மாடி வீட்டு அக்கா என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்போது பல்லாவரத்து மெக்கானிக்கும் டப்பா ஒன்று வேண்டும் என்கிறார். கணவருக்குத்தான் குழப்பம். "நீ பிசிக்ஸ் படிச்சவதானே, நீயே சொல்லு. மாட்டலாமா, வேணாமா?"

வேண்டாம் என்றால் பம்மல்காரர் மேல் போட்ட பழி உறுதியாகிவிடும். மாட்டலாம் என்றால், அப்படியானால் அன்று என்னதான் ஆயிற்று என்று கணவர் கேட்பார். என் கைதான் என்று சொல்ல வேண்டும். அவர் என்னை அடிப்பவரோ திட்டுபவரோ இல்லை. சாலையோரம் அந்தத் துணியை ஒளித்தவள் என்று இனி அவருக்குத் தெரிந்திருக்குமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதைப் படிக்கும் பெண்களில், இப்படி ஒன்றை மாதக்கணக்கில் மறைத்துவிட்டுப் பிறகு சொன்னவர்கள் இருப்பீர்கள். முதலில் யாரிடம் போனீர்கள்? நான் பம்மலுக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரட்டுமா, வீட்டில் சொல்லிவிட்டுக் கணவரையும் கூட்டிக்கொண்டு போகட்டுமா? தயவுசெய்து எழுதுங்கள். பொங்கலுக்குள் எழுதினால் நல்லது.