முந்திக்கொண்ட எதிரொலி

பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இது நடந்தது. எனக்கே நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என்னிடம் வந்தது பட்டப்பகலில். 1964 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, மணி மூன்று பத்து.

டெட்ராய்ட்டில் ராஸ்கோ அண்ணன் தன் வீட்டின் கீழ்த்தளத்தையே ஸ்டூடியோ ஆக்கியிருந்தார். நானும் வெர்லீனும் ஒரே சர்ச்சில் பாடி வளர்ந்தவர்கள். ஒரே லிப்ஸ்டிக்கை இரண்டு பேரும் பூசிக்கொள்வோம். ஆனால் ராஸ்கோ புதுப் பாட்டு எழுதியபோது அவளைத்தான் பாடச் சொன்னார். நான் பின்னால் நின்று ‘ஊ... ஆ...’ போட வேண்டுமாம்.

வயிறு எரிந்தது. அவளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? பாடுவதற்கு முன்னால் ‘ம்க்கும், ம்க்கும்’ என்று இரண்டு தடவை கனைப்பாள். அதுகூட எல்லோருக்கும் அழகாகத் தெரிந்தது.

பதிவு இரண்டு மணிக்கு. பன்னிரண்டு இருபதுக்கு அவளுக்குப் போன் செய்தேன்.

“வெர்லீன், ரெக்கார்டிங்கை அஞ்சு மணிக்குத் தள்ளிட்டாங்கடி.”

“அப்பாடா! ராத்திரி பூரா கண்ணே மூடலை. குளிருக்கு கேஸ் ஹீட்டரைப் போட்டுட்டு ஒரு தூக்கம் போடறேன். நீதான்டி லூவெல்லா என் தங்கம்.”

இரண்டே முக்கால் வரை ராஸ்கோ பொறுத்துப் பார்த்தார்.

“எங்கம்மா உன் கூட்டாளி?”

“தெரியலையே அண்ணே. பெரிய பாடகி ஆயிட்டா இல்லே...”

“வாத்தியக்காரங்களை எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறது? நீ பாடுவியா?”

“தண்ணி பட்ட பாடு அண்ணே.”

எதிரொலிக்கு எங்களிடம் தனியாகக் கருவி கிடையாது. மேல்மாடியில் ஒரு காலி அறை, உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். கீழே நான் பாடுவது அங்கே ஒலித்து, சுவரில் பட்டு, கொஞ்சம் பிந்தி என் ஹெட்போனுக்குத் திரும்பி வரும். பதிவு நடக்கும்போது அங்கே யாரும் போகக் கூடாது. மூச்சு விட்டால்கூட டேப்பில் ஏறிவிடும். ராஸ்கோ அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மூன்று பத்து. சிவப்பு விளக்கு எரிந்தது. டிரம்ஸ் தொடங்கியது.

ஹெட்போனில்... ‘ம்க்கும், ம்க்கும்.’

வாத்தியக்காரர்களைப் பார்த்தேன். யாரும் கனைக்கவில்லை.

முதல் வரி பாடினேன். எதிரொலி பிந்தி வந்தது, வழக்கம்போல. இரண்டாவது வரிக்கு என்னோடு சேர்ந்தே வந்தது.

மூன்றாவது வரி. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை...

எதிரொலி பாடிவிட்டது.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் கைக்கு வந்த பாட்டை விட மனசில்லை. முந்தப் பார்த்தேன். தொண்டை கிழியப் பாடினேன்.

அது முந்தியது.

மறுபடியும் முந்தியது...

விளக்கு அணைந்தது. ராஸ்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரே டேக்! இந்தக் குரலை இத்தனை நாளா எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்தே?”

“அண்ணே... மேல யாரு?”

“எவன் இருக்கான்? சாவி என்கிட்ட இருக்கு.”

அழைத்துப் போய்த் திறந்து காட்டினார். ஸ்பீக்கர். மைக். வெறும் சுவர். ஆனால் கேஸ் வாடை குப்பென்று அடித்தது. அந்த அறையில் கேஸ் குழாயே கிடையாது.

ஐந்தே காலுக்குப் போன் வந்தது. வெர்லீன் வீட்டு ஹீட்டரில் கேஸ் கசிந்திருக்கிறது. தூக்கத்திலேயே போய்விட்டாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் உயிர் பிரிந்திருக்கும் என்றார் டாக்டர். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நேரம் அவள் ஸ்டூடியோவில் இருந்திருப்பாள்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பத்து லட்சம் இசைத்தட்டுகள். கல்யாண வீடு, முடிவெட்டும் கடை, கார் ரேடியோ, எங்கும் அதுதான். ஆனால் நான் மேடையேறிப் பாடினால் பின்வரிசையில் யாராவது முனகுவார்கள். “தட்டுல கேட்ட குரல் இது இல்லியே!” முப்பத்தைந்து வருஷம் இதைக் கேட்டேன். செத்தவள்மேல் பொறாமைப்படுகிறவளை நீங்கள் பார்த்ததுண்டா? இதோ இருக்கிறேன்.

1999இல் அந்தப் பாட்டை மறுபடி வெளியிட நினைத்தார்கள். பழைய டேப்பைச் சுத்தம் செய்த டெனீஸ் என்னை வரவழைத்தாள். டேப்பில் நான்கு தடங்கள், ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சத்தம். முதல் இரண்டில் வாத்தியங்கள். பெட்டிமேல் ராஸ்கோவின் கையெழுத்து: மூன்று, லூவெல்லா. நான்கு, எதிரொலி.

“அம்மா, நாலாவதுல குரல் சிலிர்க்க வைக்குது. ஆனா மூணாவதுல... உங்க குரலே இல்லை.”

“பழசாச்சே. அழிஞ்சிருக்கும்.”

“அழியலைம்மா. வேற ஒண்ணு இருக்கு. கேளுங்க.”

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

“டேப் இரைச்சல்தானே?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். நாலு தடவை கேட்டுட்டேன். அடுப்பைத் திறந்துவிட்டு, பத்த வைக்க மறந்துட்டா வருமே... அந்தச் சத்தம்.”

பாட்டின் நீளம் இரண்டு நிமிடம் நாற்பத்தோரு விநாடி. முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடிவரை, என் பெயர் எழுதிய தடத்தில், அது மட்டும்தான் ஓடுகிறது.