மெஷின்காரியின் மூக்கு

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் மெஷின்காரி. கல்யாணமான புதிதில் அவளும் புருஷனும் சேர்ந்து கார்பெட் கழுவுகிற பழைய மெஷின் ஒன்று வாங்கினார்கள். அது ஓட ஆரம்பித்தால் நாலு வீட்டுக்குக் காது கேட்காது. வாசலில் வைத்து ஓட்டிப் பார்த்த அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரர் வைத்த பெயர் இது. அந்த மெஷின் என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

அதற்கு முன்னால் அவள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துடைப்பமும் வாளியுமாக இருந்தவள். அங்கே மாடிக்கு மாடி கார்பெட். சுத்தம் செய்ய வெளியாட்கள் வருவார்கள், மேலாக நுரையைக் காட்டிவிட்டுப் போவார்கள். இரண்டே நாளில் கறையெல்லாம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். "இதைவிட நல்லா நாமளே செய்யலாமே" என்று புருஷனிடம் சொன்னாள். அவர் அப்போது ஒரு மரச்சாமான் கடையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். யோசிக்கிற வேலையை அவளிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிற மனிதர்.

தொழில் பிடித்துக்கொண்டது. டாக்டர் வீடு, பல் வைத்தியசாலை, வக்கீல் ஆபீஸ், கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூம் என்று ஒவ்வொன்றாக வந்தன. கறை அவளுக்கு ஒரு நாளும் பெரிய பாடாக இருந்ததில்லை. காப்பியா, மையா, துருவா என்று பார்த்ததும் கை தானாக அந்தந்த பாட்டிலுக்குப் போகும். அவளைப் படுத்தியெடுத்தது ஆட்கள்தான்.

ஒருவரை வேலைக்கு எடுத்து, கம்பளி நூலுக்கும் பிளாஸ்டிக் நூலுக்கும் வித்தியாசம் காட்டி, கறையைத் தேய்க்கக் கூடாது ஒற்றியெடுக்க வேண்டும் என்று தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லி, ஒரு வழியாக ஆளாக்கி நிறுத்தினால், போய்விடுவார்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். ஒருத்தன் ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போனான். இன்னொருத்தன் இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகத் தொழில் தொடங்கி, இவள் வேனில் எழுதியிருந்த வாசகத்தையே தன் வேனிலும் எழுதிக்கொண்டான், எழுத்துப்பிழை உட்பட.

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது ஆட்களைத் தரையில் உட்கார வைப்பாள். "கைய வச்சுப் பாருங்க. நூலைப் பிரிச்சு அடி வரைக்கும் பாருங்க. அப்புறம் குனிஞ்சு மோந்து பாருங்க. கண்ணு ஏமாத்தும், மூக்கு ஏமாத்தாது." முதல் சில வருடங்கள் இதைச் சொல்லும்போது அவளுக்கே ஓர் உற்சாகம் இருந்தது. பிறகு, ரயில் நிலையத்து அறிவிப்பைப் போல வாய் சொல்லிக்கொண்டிருக்கும், மனம் எங்கோ படுத்துக் கிடக்கும். தன் குரலைத் தானே கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். படுத்தாள், எழுந்தாள், வேலைக்குப் போனாள். ஒரு காலை அடுப்படியில் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவளை, மாடியிலிருந்து ஓடிவந்த புருஷன் கத்தி உலுக்கினார். அவள் கைக்கெட்டும் தூரத்தில் பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டே நிக்கிறியா?"

"ஆமா, அசந்துட்டேன்" என்றாள்.

அன்றைக்கு அவளே சோதித்துப் பார்த்தாள். சோப்பு, மண்ணெண்ணெய், வெங்காயம், தலையணை உறை. ஒன்றும் வரவில்லை. மூக்கு இருக்கிற இடத்தில் ஒரு சுவர் இருந்தது. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார் அவர். மருந்துச் சீட்டைக் கைப்பையின் அடியில் தள்ளிவிட்டு, அங்கிருந்து நேரே ஒரு வக்கீல் ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை.

சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தாள். கண் இருக்கிறது, கை இருக்கிறது. வேலை முடிந்ததும் வழக்கம்போல மண்டியிட்டுக் குனிவாள், மூச்சை இழுப்பாள், "ம், சரி" என்பாள். குனிந்தபடியே ஓரக்கண்ணால் உடன் இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பாள். யாராவது மூக்கைச் சுளித்தால் இன்னொரு முறை மெஷினைப் போடச் சொல்வாள். பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதுகிற மாதிரிதான்.

அந்தச் சமயத்தில் வேலைக்கு வந்தவர் டிரைவர் அண்ணன். ஊருக்குள் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த வழித்தடத்தை நிறுத்திவிட்டார்கள். வயதில் அவளுக்கு மூத்தவர், முன்வழுக்கை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு.

"ஏற்கனவே நம்ம வேன்ல ஒரு டிரைவர் இருக்கேன். இன்னொரு டிரைவர வச்சு என்ன பண்ணப் போற?" என்றார் புருஷன்.

"அவர் மண்டி போடுவாரு. நீங்க போட மாட்டீங்க" என்றாள்.

டிரைவர் அண்ணன் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டார். ஆனால் சொன்னதை ஒரு முறைக்கு மேல் சொல்ல வைக்கவில்லை. மெஷினை முன்னும் பின்னும் இழுக்கும்போது பஸ்ஸை நிறுத்தத்தில் ஒடிப்பது போலத் தோளைச் சாய்ப்பார். மேசைக்கால் பக்கம் போனால் வாய்க்குள் விசில் ஊதுவார். அவளுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கத் தெம்புதான் இருக்காது.

ஒரு சனிக்கிழமை, பாலர் பள்ளி ஒன்றில் வேலை. பல வருடங்களாக அவர்களுக்கு வாடிக்கையான இடம் அது. பிள்ளைகள் மதியம் தூங்குகிற பெரிய அறை, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீலக் கார்பெட். தூங்குகிற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கார்பெட்டின் அடியில் மெத்தைபோலப் போட்டிருந்த தடித்த ஃபெல்ட் விரிப்பு, வருடக்கணக்காக அத்தனையையும் குடித்து வைத்திருந்தது.

அன்று மெஷினின் உறிஞ்சு குழாயில் எங்கோ கீறல் விழுந்திருந்தது. கார்பெட்டில் விட்ட தண்ணீரை மெஷின் அதே அளவுக்குத் திரும்ப உறிஞ்சவில்லை. வேறொரு நாளாக இருந்தால் ஓசையிலேயே பிடித்திருப்பாள். அன்று முழங்கால் இரண்டும் வலி, இடுப்பு ஒடிந்துவிடும் போல இருந்தது. காய்ந்த துணியைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்று ஈரம் எவ்வளவு என்று பார்ப்பது அவளே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த வழக்கம். அதைக்கூடச் செய்யவில்லை.

டிரைவர் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, ஒரு மாதிரி நாத்தம் வருதே. நனஞ்ச நாய் பக்கத்துல படுத்திருக்கிற மாதிரி."

அவள் மண்டியிட்டாள். கூந்தல் தரையில் படக் குனிந்து, பலமாக மூச்சிழுத்தாள். ஒன்றுமில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது.

"அது கார்பெட் ஷாம்பூ வாசம்ண்ணே. காஞ்சா போயிடும். எடுத்து வைங்க, கிளம்பலாம்."

அவர் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார். மழை வரும் போலிருந்ததால் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை பள்ளி திறந்ததுமே தொலைபேசி வந்தது. பேசியது தலைமை ஆசிரியை. சத்தம் போடவில்லை. "நீங்க நேர்ல வந்து பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அவளும் புருஷனும் டிரைவர் அண்ணனும் போனார்கள். பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திப் பெற்றோர்களோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி இவர்களைப் பார்த்த பார்வையை அவள் வெகுநாள் மறக்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் புருஷன் ஓரடி பின்வாங்கினார். டிரைவர் அண்ணன் கைக்குட்டையை எடுத்தார். அவள் மட்டும் நடு அறையில், பூந்தோட்டத்தில் நிற்பவள் போலச் சாதாரணமாக நின்றாள்.

"எப்படிங்க இதைக் கவனிக்காம போனீங்க?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

அவள் வாய் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொண்டார். "புது ஆளு மேடம். இப்பத்தான் பழகிட்டு இருக்காரு. நாங்க சரி பண்ணிடறோம்."

டிரைவர் அண்ணன் அவளைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. பயணி ஒருவர் காசு கொடுக்காமல் இறங்கிப் போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாமான் எடுக்க வேனுக்கு வந்தார்கள். கதவைத் திறக்கும்போது டிரைவர் அண்ணன் மெல்லிய குரலில் கேட்டார். "உனக்கு மூக்கு வேலை செய்யலை, இல்லையாம்மா?"

புருஷன் திரும்பினார். "என்னண்ணே உளர்றீங்க?"

"போன வாரம் ஸ்டோர் ரூம்ல பினாயில் பாட்டில் கவுந்து கெடந்துச்சு. எனக்கு அந்த நெடியில நிக்க முடியல. இந்தம்மா அதுக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பாட்டு டப்பாவத் திறந்து நிம்மதியாச் சாப்பிட்டுட்டு இருக்கு. அப்பவே நெனச்சேன். நமக்கெதுக்கு அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்கணும்னு இருந்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்ன வார்த்தை அவருக்கே உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேன் படியில் உட்கார்ந்து அழுதாள்.

புருஷன் முகம் செத்துப்போயிருந்தது. "எப்போலேருந்து?"

"காய்ச்சல் வந்துச்சே, அப்போலேருந்து."

"என்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லியா உனக்கு?"

"தோணுச்சுங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா நீங்க பதறுவீங்க. உங்கள நான் தேத்தணும். அப்புறம் நீங்க என்னைத் தேத்துவீங்க, நான் தேறிட்ட மாதிரி நடிக்கணும். அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல. ராத்திரி வந்து படுத்தாப் போதும்னு இருந்துச்சு."

அவர் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். இடம் போதாமல் பாதி உடம்பு வெளியே தொங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள். "மேடம், எங்க வீட்டுக்காரர் சொன்னது சரியில்ல. அந்தண்ணன் சனிக்கிழமையே நாத்தம் வருதுன்னு சொன்னாரு. நான்தான் இல்லேன்னுட்டேன். எனக்கு வாசனை தெரியாமப் போயிடுச்சு. அதை மறைச்சுட்டு வேலை பாத்தேன். தப்பு என்னோடது."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "சொன்னதுக்கு நன்றிம்மா. ஆனா பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும். இதைச் சரி பண்ணிக் குடுத்துடுங்க. அடுத்த தடவைக்கு வேற ஆளப் பாத்துக்கறோம்."

"சரிங்க மேடம்" என்றாள். கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

அன்று முழுவதும் மூவரும் கார்பெட்டை ஓரத்திலிருந்து உரித்துச் சுருட்டினார்கள். அடியில் ஃபெல்ட் தண்ணீரில் ஊறிய ரொட்டி போலப் பிய்ந்து வந்தது. துண்டு துண்டாகச் சாக்கில் கட்டி வெளியேற்றி, தரையைக் கழுவி, விசிறிகளை வைத்துக் காயவிட்டு, புது ஃபெல்ட் போட்டு, கார்பெட்டை மறுபடியும் கழுவி விரிக்க அந்த வாரம் பாதி போய்விட்டது. புருஷன் முதல் முறையாக மண்டியிட்டார். எழுந்திருக்கும்போது டிரைவர் அண்ணன் கை கொடுத்தார். "அண்ணே, அன்னிக்கு உங்க தலையில போட்டது தப்பு" என்றார் புருஷன், தரையைப் பார்த்துக்கொண்டே.

"பஸ் ஓட்டினவன்கிட்ட மன்னிப்பு கேக்கறீங்க. இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல. பழக்கமில்ல எனக்கு, விடுங்க" என்றார் அவர்.

அதன் பிறகு டிரைவர் அண்ணன்தான் அவர்களுக்கு மூக்கு. வேலை முடிந்ததும் அவர் குனிவார், அவள் காத்திருப்பாள். "ஓகே" என்றால்தான் வேன் கிளம்பும். வீட்டில் புருஷன் வேறொரு தொல்லையைத் தொடங்கினார். "மழை வாசனை வருது. பக்கத்து வீட்ல எதையோ தீய்ச்சுட்டாங்க. லாரிப் புகை" என்று நாள் முழுக்க ஒலிபரப்பு. "போதும், கொஞ்சம் சும்மா இருங்க" என்று ஒரு நாள் அதட்டினாள். அவர் வாடிப்போவதைப் பார்த்து, "மழைய மட்டும் சொல்லுங்க" என்றாள்.

வருடம் முடிவதற்குள் டிரைவர் அண்ணனுக்கு வேறோர் இடத்தில் பஸ் கிடைத்துவிட்டது. தயங்கித் தயங்கிச் சொன்னார். அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. "போய்ட்டு வாங்கண்ணே. அது உங்க வேலை" என்றாள். அவர் போன மறுநாள் ‘ஆள் தேவை’ விளம்பரத்தைத் திரும்பவும் கொடுத்தாள்.

இரண்டு பெண்கள் வந்தார்கள். அக்கா தங்கை. துணிக்கடை மூடிப்போய் வேலை இழந்தவர்கள். ஒரு காலியான ஷோரூமில் அவர்களைத் தரையில் உட்கார வைத்தாள். "கைய வச்சுப் பாருங்க. நூலைப் பிரிச்சுப் பாருங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு வாசனை தெரியாது. அதனால நீங்க சொல்றதுதான். நாத்தம் வந்தா வருதுன்னு சொல்லணும். நான் இல்லேன்னு சொன்னாலும் விடக் கூடாது, சண்டை போடணும். புரியுதா?"

"உங்ககூடவே சண்டை போடணுமாக்கா?" என்றாள் தங்கை.

"அதுக்குத்தான் சம்பளம்."

அக்காக்காரி மெஷினைப் பிடித்து இழுத்தாள். கோணலாகப் போனது. புருஷன் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மெஷின்காரி திருத்தலாமா என்று பார்த்தாள். இரண்டாவது இழுப்பில் அக்காக்காரியே நேராக்கிக்கொண்டாள். சுவரோரம் ஒரு நாற்காலி கிடந்தது. சற்று நேரம் உட்காரலாம் என்று போய் உட்கார்ந்தவள், அந்த இரைச்சலிலேயே, பட்டப்பகலில், வாய் திறந்தபடி தூங்கிப்போனாள். தங்கைக்காரி ஏதோ கேட்க ஓடிவந்தாள். புருஷன் உதட்டில் விரல் வைத்து அவளைத் தடுத்து, என்ன சந்தேகம் என்று தானே போய்க் குனிந்து பார்த்தார்.