கல்லொட்டி ஏறும் சுவர்

வத்தல்மலை அடிவாரத்தில் நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளராக இருக்கும் ஆக்சிலியாவுக்கு மாதா கோயில் தேரைவிட ஓடையில் வரும் முதல் வெள்ளம்தான் பெரிது. செந்தண்ணீர் இறங்கியதும் கல்லொட்டி மீன்கள் முட்டையிட மலைப்பக்கம் ஏறும். விரல் நீள மீன். தாடைக்கடியில் வட்டமாக ஓர் உறிஞ்சி. அதை ஈரப்பாறையில் பதிக்கும், வாலை உதறிக் கொஞ்சம் நகரும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். கல்லில் படரும் பாசிதான் அதற்குச் சோறு.

இந்த வருஷம் வெள்ளம் வந்தது, மீன் ஏறவில்லை. கோடையில் கட்டிய தடுப்பணைக்குக் கீழே கும்பலாக நின்று தவித்தன. ஆக்சிலியா குனிந்து பார்த்தாள். பெண்கள் துணி துவைக்கட்டும் என்று அணையின் உச்சியில் ஒரு பலகைக்கல்லை வெளியே நீட்டிப் பதிக்கச் சொன்னவளே அவள்தான். தண்ணீர் அதன் விளிம்பிலிருந்து சுவரைத் தொடாமல் நேரே கீழே கொட்டியது. சுவர் காய்ந்து கிடந்தது. ஒட்டி ஏறும் மீன் காய்ந்த சுவரில் எப்படி ஏறும்? பொழுது சாய்வதற்குள் வெள்ளம் வடிந்துவிடும். அப்புறம் இந்த வருஷத்துக் குஞ்சுகளே கிடையாது.

“மேஸ்திரி அண்ணா, கடப்பாறைய எடுத்துட்டு வாங்க! இந்தக் கல்லப் பேக்கணும்!”

மாதேஸ்வரன் சிரித்தார். “நல்லா நீட்டி வெய்யின்னு எங்கூட சண்ட போட்டதே நீதான தங்கச்சி?”

“அன்னிக்கு வெக்கச் சொல்லிப் போட்டேன், இன்னிக்கு எடுக்கச் சொல்லிப் போடறேன். வாங்கண்ணா!”

கல்மேல் சேலையைத் துவைத்துக்கொண்டிருந்த சுகுணா நகரவே இல்லை. “மீனுக்கு லிஃப்ட் வெக்கறீங்களாக்கா? அப்ப நாங்க எங்க போயி துவைக்கறது?”

“கரையோரமா போட்டுத் தர்றேன்டி. மொதல்ல எந்திரி!”

கீழே நிற்கும் மீன்கள் நசுங்கிவிடக் கூடாதே என்று கல்லுக்குக் கயிறு கட்டி, மேல்பக்கமாக இழுத்தார்கள். மாதேஸ்வரன் நெம்ப, ஆக்சிலியா இழுக்க, திட்டிக்கொண்டே சுகுணாவும் ஒரு கை கொடுத்தாள். கல் பெயர்ந்தது. தண்ணீர் சொரசொரப்பான சுவரில் மெலிசாகப் பரவி வழிந்தது.

ஒரு மீன் ஒட்டியது. வழுக்கி விழுந்தது.

“போச்சு,” என்றார் மாதேஸ்வரன்.

“சும்மா இருங்கண்ணா!”

இன்னொன்று ஒட்டியது. விழவில்லை. வாலை உதறியது, ஒரு சாண் ஏறியது. அதன் பின்னால் மூன்று, நான்கு. கொஞ்ச நேரத்தில் சுவரே நெளிவதுபோல் இருந்தது.

“ஏறுது! ஏறுதுக்கா!” சுகுணா குதித்தாள்.

“அடியே, உஞ் சேல தண்ணியில போவுதுடி!”

“போனாப் போவுது, இங்க பாருங்க்கா, மேல வந்துடுச்சு!”