பம்ப் ஸ்டேஷன் பகாலா

சவூதியில் தம்மாமிலிருந்து மேற்கே பாலைக்குள் போனால், குழாயில் எண்ணெயைத் தள்ளிவிடும் பம்ப் ஸ்டேஷன் ஒன்று வரும். அதை ஒட்டி முளைத்ததுதான் அந்த ஊர். முதலில் கேம்ப் வந்தது. கேம்ப் ஆட்களுக்குப் பசித்தது, கஃபட்டீரியா வந்தது. முடி வளர்ந்தது, நாகர்கோவில் சேதுமாதவனின் சலூன் வந்தது. சோப்பும் சிகரெட்டும் விற்க, காயல்பட்டினத்து முகம்மது ரிபாயின் பகாலா வந்தது. மளிகைக்கடைக்கு அங்கே அதுதான் பெயர்.

அந்தப் பக்கத்து மகாராஜாக்கள் யாரும் காரை விட்டு இறங்க மாட்டார்கள். வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். கடைக்காரன்தான் ஓட வேண்டும். பட்டாணியோ வங்காளியோ அரபியோ, யாராயிருந்தாலும், "வந்துட்டேன் பாய், வந்துட்டேன்!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு ஓடுவார் ரிபாய். தொண்டை என்றால் அப்படியொரு தொண்டை.

பிறகு தம்மாமில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தி ஸ்டேஷனை ஓட்டப் பழகிவிட்டார்கள். கேம்பைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். புது நெடுஞ்சாலையும் ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. கஃபட்டீரியா மூடியது. சேதுமாதவன் பஹ்ரைனுக்குப் போய், குதைபியாவில் ஒரு சலூனில் சேர்ந்தார்.

ஒரு மத்தியானம் அவர் போன் செய்தார். "பாய், சிரிக்கப்பிடாது. நம்ம சலூன்ல கத்திரி சத்தம் கேக்கா?"

ரிபாய் எழுந்து போய்ப் பார்த்தார். சலூன் பூட்டிக் கிடந்தது. கண்ணாடி முழுக்க மண். உள்ளே சக் சக்கென்று கத்திரி ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குது."

"அப்போ அங்கதான் கெடக்கு. இங்க வந்ததுலேர்ந்து கை கத்திரியப் பிடிக்க மாட்டேங்கு. நரம்புல ஒண்ணுமில்லேங்காரு டாக்டரு. நீங்க பாத்துக் கெளம்புங்க, பாய்."

எதைப் பார்த்துக் கிளம்புவது? தன்னிடமிருந்து இந்த ஊர் எதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்? யோசித்து யோசித்து, கடைக்காக ஓடித் தேய்ந்தது கால்தான், அதைத்தான் கேட்கும் என்று முடிவு கட்டினார். பயந்துபோய் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இனி நாள் கடத்தவும் முடியாது. காயல்பட்டினத்தில் மனைவி அஸ்மத் பீவிக்குச் சர்க்கரையில் பார்வை அடியோடு போய்விட்டது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றாள் அவள் போனில். "பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருங்க, போதும்."

விசா கொடுத்து வைத்திருந்த கஃபீல் ஈசா நல்ல மனுஷர். ஊருக்குப் போக எக்ஸிட் அடித்துக் கொடுத்ததோடு, விமான நிலையத்துக்குத் தன் பிக்கப்பிலேயே ஏற்றிக்கொண்டார். அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள். ஏறுமுன் ரிபாய் இரண்டு கால்களையும் தரையில் உதைத்துப் பார்த்தார். கல் மாதிரி உறுதியாக இருந்தன. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லி ஏறி உட்கார்ந்தார்.

ஈசா விளையாட்டாக, பூட்டிய கடையைப் பார்த்து ஹாரனை அழுத்தினார்.

"வந்துட்டேன் பாய், வந்துட்டேன்!"

ஷட்டருக்கு உள்ளேயிருந்து வந்தது சத்தம். ஈசாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. "யல்லா, யல்லா" என்று முணுமுணுத்தபடி வண்டியை விரட்டினார்.

நெடுஞ்சாலை ஏறியதும் ரிபாயின் போன் அடித்தது. அஸ்மத் பீவிதான்.

"கெளம்பிட்டியளா?"

ரிபாய் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"என்னங்க, லைன்ல இருக்கியளா? ஏதாச்சும் பேசுங்களேன்."