சருகு வாராத மரத்தடி

மாமனாருடைய சைக்கிளின் பின்சக்கரத்து மட்கார்டில் சிக்கியிருந்த சவுக்குச் சருகைத்தான் நான் முதலில் பார்த்தேன். மாமனாரைச் சரியாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான். தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் போகிற சாலையிலிருந்து விலகி உள்ளே போனால் வரும் ஊர். சுற்றிலும் நெல், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கேப்பை. பேருக்குக்கூட ஒரு சவுக்கு மரம் கிடையாது. சவுக்கு என்றால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். ஆனால் மாமாவோ ஞாயிற்றுக்கிழமை காலையில் "திண்டிவனம் சந்தைக்குப் போய்ட்டு வர்றேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு மேற்கே பார்த்துக் கிளம்புவார். பொழுது சாயும்போது ஒரு கத்திரிக்காய்கூட இல்லாமல் திரும்பி வருவார். சைக்கிளின் ரிம்மில் உப்பு பூத்திருக்கும். செயின் கவரில் ஊசி ஊசியாகச் சருகு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தச் சைக்கிளுக்கு ஸ்டாண்டு இல்லை. எப்போதோ ஒடிந்துபோனதை அவர் மாற்றவே இல்லை. கேட்டால், "ஊரெல்லாம் செவுரு இருக்குது, மரம் இருக்குது, ஸ்டாண்டு எதுக்கு?" என்பார். வந்ததும் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகால் கழுவப் போவார். அவர் தலை மறைந்த மறுகணம் அத்தை மண்ணெண்ணெய்த் துணியோடு போய்விடுவார். ஒவ்வொரு சருகாகப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு, ரிம்மையும் துடைத்து வைப்பார். புருஷன் மேல் இத்தனை பக்தியா என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஒருநாள் கிண்டலாகக் கேட்டே விட்டேன். அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நம்மளுக்குத் தெரிஞ்சிட்டுதுன்னு அவருக்குத் தெரியக்கூடாதும்மா. தெரிஞ்சா ரோஷத்துல போறதையே நிறுத்திக்குவாரு."

அப்புறம்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. என் கணவருக்கு ஓர் அக்கா உண்டு, எனக்கு அண்ணி. திண்டிவனத்தில் டைப்பிங் படிக்கப் போன இடத்தில், கூடப் படித்த மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டு கடலோரம் போய்விட்டார். நிலம் வைத்துப் பயிர்செய்கிற குடும்பத்துப் பெண், மீன்பிடிக்கிற வீட்டுக்குப் போவதா என்று சொந்தபந்தம் கொதித்தது. அத்தனை பேர் நடுவே மாமா எழுந்து நின்று சொன்னாராம்: "அவ வூட்டு வாசப்படிய இந்தக் கால் மிதிக்காது." சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை விழுங்குகிற ஆள் இல்லை. மகளைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை மாமா வாராவாரம் செய்துகொண்டிருந்தார். அதற்கு அத்தைதான் சோறு போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை மாமா வெயிலில் கிறுகிறுத்து விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிறு அத்தை என்னைக் கூப்பிட்டு, அவர் காதுபடவே, "மாமா கூட நீயும் சந்தைக்குப் போய்ட்டு வா" என்றார். என் அம்மா வீட்டிலிருந்து, கெடாரிலிருந்து, சீதனமாக வந்த லேடீஸ் சைக்கிள் என்னிடம் இருந்தது. மாமாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. மறுத்துச் சொல்லவும் வழியில்லை. மேற்கே கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டி ஏரிக்கரை வந்ததும் நின்றார். என்னை ஒரு பார்வை, கிழக்கே ஒரு பார்வை. பிறகு ஹேண்டில்பாரைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "சந்தை இன்னிக்கு இந்தப் பக்கம்மா." நானும் முகத்தில் எதையும் காட்டாமல் "சரிங்க மாமா" என்றேன்.

அந்த வழியை நான் எப்படிச் சொல்வேன்! பெரிய சாலையைத் தொடாமல், ஏரிக்கரையிலிருந்து இறங்கி, ஊர் ஊராக நூல் பிடித்தது போல ஒரு தார் ரோடு போகும். எப்போதாவது ஒரு டவுன் பஸ். மற்ற நேரமெல்லாம் அந்த ரோடு களத்துமேடுதான். அறுவடைக் காலத்தில் கேப்பைக் கதிரையும் உளுந்துச் செடியையும் ரோட்டில் பரப்பியிருப்பார்கள். போகிற சக்கரம் மிதித்துக் கொடுக்க வேண்டும். நான் ஓரமாக ஒதுங்கப் போனால் "மேலயே ஏத்திக்கினு போம்மா, புண்ணியமாப் போவும்" என்று யாராவது சத்தம் போடுவார்கள். கதிரின் மேல் டயர் ஏறும்போது மொறமொறவென்று ஒரு சத்தம், உடம்பெல்லாம் கூசுகிற மாதிரி ஒரு மெத்தென்ற அசைவு. தாண்டிப் போனால் பனைமரங்கள். அதற்கும் அப்பால் வயல்கள் மெல்ல மெல்லக் கரைந்து, கழுவெளி வந்துவிடும். கடலும் இல்லாத கழனியும் இல்லாத உவர்நீர்ச் சதுப்பு. காலை வெயிலில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. தூரத்தில் வெள்ளையாக நிற்பவை கொக்கா, உப்புக் குவியலா என்பதும் கிட்டே போகும்வரை தெரியாது. எதிர்காற்றில் மாமாவின் சட்டை முதுகுப்பக்கம் உப்பிக்கொள்ளும். அவர் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். தூக்கத்தில் சைக்கிள் விடுவது போல இருக்கும். இன்றைக்கும் ராத்திரி கண்ணை மூடினால் சில சமயம் அந்த ரோடு தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது.

ரோடு முடிகிற இடத்தில் சவுக்குத் தோப்பு. அதற்கு அந்தப் பக்கம் குப்பம், அப்புறம் கடல். மாமா சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு அடியில் உட்கார்ந்தார். தோப்புக்குள் ஒருத்தி குனிந்து, துடைப்பத்தால் சருகைக் கூட்டிச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தாள். குப்பத்தில் அடுப்பெரிக்க அதுதான். அவள் நிமிரவில்லை. மாமாவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேலே சவுக்கு மட்டும் விடாமல் ஓ என்று இரைந்தது. சாக்கு நிறைந்ததும் அவள் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். மாமா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அவ்வளவுதான். ஏறி மிதித்துத் திரும்பிவிட்டோம்.

பிறகு பல ஞாயிறுகள் போனேன். ஒருநாள்தான் அதைக் கவனித்தேன். தோப்பில் தரை முழுக்க வெறும் மணலாக, கூட்டி எடுத்த வாசல் போலக் கிடந்தது. மாமா உட்காரும் அந்த ஒரு மரத்தடியில் மட்டும் சருகு கணுக்கால் மூழ்கும் அளவுக்கு மெத்தையாகக் கிடந்தது. அந்த மெத்தையில் உட்கார்ந்து, அதன் மேலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததால்தான் வாராவாரம் மட்கார்டில் அத்தனை சருகு. மாமா கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து எழுந்து போனேன். "அண்ணி, அந்த மரத்தடியில வாரலியா?" என்று கேட்டேன். என்னை அதுவரை நேருக்கு நேர் பார்த்திராத அண்ணி, சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "மணல் சுடும். அப்பாவுக்கு மூலச்சூடு ஒடம்பு."

அடுத்த வருடம் ஒரு ஞாயிறு, வழக்கம்போலக் கழுவெளியைத் தாண்டிப் போய்த் திகைத்து நின்றோம். தோப்பு இல்லை. சவுக்கு என்றால் வளர்ந்ததும் வெட்டத்தானே போடுகிறார்கள், வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். சருகைக்கூட அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் மணல், அடிக்கட்டைகள், அதற்கு அந்தப் பக்கம் பட்டவர்த்தனமாகக் குப்பம். முதல் வீட்டு வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். அப்பாவும் மகளும் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு மரம்கூட மிச்சமில்லை. மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். சாய்க்க இடமில்லை. கீழே போடவும் மனசில்லை, திரும்பிப் போகவும் கால் வரவில்லை. வெயிலில் அப்படியே நின்றார். சைக்கிளை நான் பிடிக்கலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தவள், என்ன தோன்றியதோ, நின்றுவிட்டேன்.

அண்ணி செருப்புகூடப் போடாமல் அந்தக் கொதிமணலில் ஓடி வந்தார். வந்து ஹேண்டில்பாரின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"குடுப்பா. நான் புடிச்சிக்கிறேன்."

எத்தனையோ வருடம் கழித்து மாமா மகளிடம் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஸ்டாண்டு ஒடஞ்சிபோச்சும்மா" என்றார்.

அண்ணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். சைக்கிளை விட்டுவிட்டு ஊர் திரும்ப முடியாதல்லவா, மாமா பின்னால் போனார். அண்ணி அதைத் தன் வீட்டுச் சுவரில் சாய்த்தார். வாசல் மணலில் ஒரு நாற்காலி வந்தது, தட்டு வந்தது. மாமா வெளியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு கடைசிவரை அந்த வீட்டு வாசற்படியை அவர் கால் மிதிக்கவே இல்லை. மழை வந்தால்கூடக் குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில்தான். சொன்ன சொல் சொன்ன சொல்தான். இப்படி ஒரு பிடிவாதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் வீடு திரும்பினோம். அத்தை துணியோடு கொட்டகைக்குப் போனார். மட்கார்டில் தடவிப் பார்த்தார், செயின் கவரில் பார்த்தார். ஒரு சருகுகூட இல்லை. அத்தை முகம் சுருங்கிப்போனது. பிறகு ஹேண்டில்பாரை முகர்ந்தார். மீன் சாப்பிட்ட கையோடு பிடித்துக்கொண்டு வந்த ஹேண்டில்பார். துணியைக் கீழே போட்டுவிட்டு, கைகால் கழுவிக்கொண்டிருந்த மாமாவிடம் போய் நின்றார்.

"இன்னா கொழம்பு?"

மாமா திரும்பாமலே, "சங்கரா" என்றார்.

இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்று எங்கள் வீட்டில் யார் கடற்கரைப் பக்கம் போய் வந்தாலும், எங்கே போனாய் என்று கேட்பதில்லை. போன மாதம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பழைய வழியிலேயே போனேன். கேப்பைக் கதிர் பரப்பியிருந்த இடத்தில் டயரை மேலேயே ஏற்றினேன். தோப்பு மறுபடி வளர்ந்து நிற்கிறது, எத்தனையாவது தோப்போ. அண்ணி வீட்டில் இப்போது கேஸ் அடுப்பு. சருகு வாருபவர் யாரும் இல்லை. அன்று ஒரே ஒரு மரத்தடியில் கிடந்த மெத்தை இன்று தோப்பு முழுக்கக் கிடக்கிறது. உட்காரத்தான் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு அண்ணி வீட்டுக்குப் போய், உள்ளே போகாமல் வாசல் நாற்காலியிலேயே சாப்பிட்டேன். அண்ணி ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். என் கணவர் குனிந்து மட்கார்டைப் பார்த்தார். "இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே, தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தச் சருகைத் துடைக்கப் போனார்.

"தொடைக்காதீங்க" என்றேன். "கெடக்கட்டும்."